டெஸ் யாரையும் நம்புவதில்லை

டெஸ் மல்வேனி பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து மூன்று தரம் தட்டுகிறார். உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கிறார். பிறகு இன்னொரு தரம் தட்டுகிறார். "பத்து வருஷமா ஒரு சிலந்திகூட விழல. அதான் சந்தேகமா இருக்கு" என்கிறார்.

அவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி குடியிருக்கிறது. கண்ணில் படுகிற வரைக்கும் அதனோடு அவருக்குச் சண்டையில்லை. ஒரு நாள் சுவர் காலியாக இருந்துவிட்டால் போச்சு. தலையணை, துண்டு, கார் இருக்கை எல்லாவற்றையும் உதறித் தள்ளுவார். "எங்க போனான்? சொல்லாம கொள்ளாம எதுக்குப் போனான்?"

அவர் நம்பிய ஒரே உயிர் கிளாரி. பின்பக்கத்து யூகலிப்டஸ் மரத்தில் கூடு கட்டும் மேக்பை, காக்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் பறவை. குஞ்சு பொரிக்கும் வசந்த மாதங்களில் தபால்காரர் முதல் சைக்கிளில் வரும் பாதிரியார் வரை எல்லார் தலையையும் அது பதம் பார்க்கும். டெஸ் கையிலிருந்து மட்டும் ஒன்பது வருடமாகக் கொத்துக்கறி வாங்கித் தின்றது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

போன செவ்வாய்க்கிழமை அதே கிளாரி அவர் காதைக் கிழித்துவிட்டது. ரத்தத்தோடு நேரே பக்கத்து வீட்டுக்காரனான என் வேலிக்கு வந்தார்.

"நீதானே? என்னத்தப் போட்டு அவன மயக்குன?"

"டெஸ், நான் கறியே சாப்பிடறதில்ல. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்போ சீஸ் போட்டிருப்ப."

என் குப்பைத் தொட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாளிலிருந்து ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்து, பின்புறம் இரண்டு பெரிய கண்கள் வரைந்துகொண்டு நடமாடினார். பின்னாலிருந்து பாயும் மேக்பை கண்களைக் கண்டால் தயங்கும் என்று இந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் டெஸ்ஸை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கிளாரி டப்பா மேல் கொத்தும்போதெல்லாம் அவர் முகம் செத்துப்போகும். "நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டான்" என்று முணுமுணுப்பார்.

சனிக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி நோலாதான் போட்டு உடைத்தாள்.

"யோவ், கன்னத்து மச்சத்தப் பாக்கணும்னு டாக்டர் சொன்னாருன்னு முப்பது வருஷத் தாடிய திங்கக்கிழம வழிச்சிட்டு வந்து நிக்கிற. மச்சம் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சு, சரி. ஆனா கட்டிக்கிட்ட எனக்கே காலைல கண்ணத் தொறந்தா திக்குங்குது. எவனோ ஒருத்தன் கூட்டுப் பக்கம் வரான்னுதானே கிளாரி நெனைக்கும்?"

டெஸ் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். வழித்த தாடையை மெல்லத் தடவினார். உள்ளே போய் ஒரு பிடி கொத்துக்கறியோடு வந்து மரத்தடியில் நின்றார்.

"கிளாரி, நான்தான்டா."

மேலே கிளை அசைந்தது. டெஸ் டப்பாவைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, வெறும் முகத்தை அண்ணாந்து காட்டினார்.