நாலு மணிக்கு மேல் எடுத்த படம்

நான் ஐந்தாவது வரை படித்தவன். அதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் கறுப்பில் மட்டும் பதினோரு கறுப்பு இருக்கிறது என்பது எத்தனை காலேஜ் படித்தவருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நீலம் கலந்த கறுப்பு, உள்ளே சிவப்பு ஓடுகிற கறுப்பு, சாம்பல் பூத்த கறுப்பு என்று மேஜையில் போட்டால் நின்ற இடத்திலேயே பிரித்துக் கொடுப்பேன். ஒருமுறை ஜெர்மனியிலிருந்து சரக்கு பார்க்க வந்தவர் இரண்டு தோலைக் காட்டி இரண்டும் ஒரே ஷேடு என்றார். இல்லை என்றேன். மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். மெஷின் என் பக்கம் பேசியது. அவர் என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப்பு என்போம். அங்கே ஈரத்தோல் தூக்குகிற ஆளாகச் சேர்ந்து, தரம் பிரிக்கிற மேஜைக்கு வந்து, கடைசியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற யூனிட்டைச் சொந்தமாகப் போட்டேன். இன்றைக்கு அதை மகன் பார்த்துக்கொள்கிறான். வேலூரில் மாடி வீடு கட்டி நானும் என் வீட்டுக்காரியும் இருக்கிறோம். எல்லாம் இந்த இரண்டு கண்ணால் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. நாலு மணிக்கு மேல் ஷேடு பார்க்கக் கூடாது. தரம் பிரிக்கிற மேஜை வடக்கு ஜன்னலை ஒட்டித்தான் இருக்கும். காலை பத்து மணியிலிருந்து வெளிச்சம் வெள்ளையாக, ஒரே சீராக வரும். தோலில் உள்ள உண்ணிக் கடி, முள் கீறின தழும்பு, சாயம் ஏறாத இடம் எல்லாம் அந்த வெளிச்சத்தில் தப்பிக்க முடியாது. நாலு மணி தாண்டினால் வெயில் மஞ்சளாகிவிடும். மஞ்சள் வெயிலில் எல்லாத் தோலும் அழகு. மூன்றாந்தரம்கூட முதல் தரம்போலச் சிரிக்கும். சாயங்காலம் பார்த்துப் பாஸ் பண்ணின சரக்கு கப்பல் ஏறிப் போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நாலு அடித்ததும் மேஜையைத் துணி போட்டு மூடிவிடுவேன். முதலாளியே வந்து கேட்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பேன்.

அப்படிப்பட்டவன் போன வருஷம் கேமரா வாங்கினேன். எதற்கு என்று மகன் கேட்டான். சும்மா என்றேன். சும்மா இல்லை. எங்கள் வீட்டில் என் மனைவியின் படம் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்தில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது, அதில் அவள் தலை குனிந்திருக்கிறாள். ஆதார் கார்டில் ஒன்று இருக்கிறது, அது அரசாங்கம் எடுத்தது. மகன் கல்யாண ஆல்பத்தில் ஒரு கை, ஒரு முந்தானை, ஒரு முதுகு என்று துண்டு துண்டாக இருக்கிறாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவள் கேமரா முன்னால் நிற்பதில்லை. அவள் விரும்பி நின்று எடுத்த படம் ஒன்று எனக்கு வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் வயசாகிறது. கேமரா வாங்கினது அந்த ஒரு படத்துக்காகத்தான்.

அவள் ஏன் நிற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். சொல்ல அவ்வளவு சுலபமாக இல்லை.

வேலூரில் படம் எடுக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்காவது சேர்ந்து நடந்துகொண்டே எடுப்பார்கள். கேமரா விற்றவர் என்னைச் சேர்த்துவிட்டார். அந்த மாதம் கோட்டை அகழி. சாயங்காலம் ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள். ஐந்து மணியா என்று எனக்குச் சிரிப்பு. நாங்கள் கடை கட்டின பிறகு இவர்கள் கடை திறக்கிறார்கள்.

வீட்டுக்காரியையும் கூப்பிட்டேன். சர்க்கரைக்குத் தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார், அந்தச் சாக்கு. தண்ணீர் பாட்டில், முறுக்கு, என் மாத்திரை, மழைக்கு ஒரு குடை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மேகமே இல்லாத நாள் அது.

கூட்டத்தை நடத்தினவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். நாற்பது வயசு இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேரை அகழிக் கரையில் நிற்க வைத்து, இன்னும் ஒரு மணி நேரம்தான் இந்த வெளிச்சம், தங்கம் மாதிரி, வீணாக்காதீர்கள் என்றார். எங்கள் ஷாப்பில் குப்பை என்று மூடிவைத்த வெளிச்சம். நான் அதையும் அவரிடம் சொன்னேன். கறுப்பில் பதினோரு கறுப்பு இருக்கிற கதையையும் சொன்னேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். என் மனைவி பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "ஜெர்மன்காரர் தோள்ல தட்டனதயும் சொல்லிடுங்க, வுட்டுடப் போறீங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நடந்தோம். சூரியன் கோட்டை மதிலுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மதிலின் நிழல் தண்ணீரில் பாதி தூரம் வந்திருந்தது, மீதிப் பாதி தாமிரத் தகடு மாதிரி கிடந்தது. நீர்க்காகம் ஒன்று கல்லின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்தது. பார்த்ததும் எனக்குத் தோலை விரித்து ஆணி அடித்துக் காயப்போடுகிற பலகைதான் ஞாபகம் வந்தது. ஆளாளுக்கு அதைப் படம் எடுத்தார்கள். நான் எடுத்ததுதான் நன்றாக வந்தது, டீச்சரே சொன்னார். பின்னால் பஸ் சத்தம், ஷேர் ஆட்டோக்காரர் ஆள் கூப்பிடுகிற சத்தம். தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்றால் அதெல்லாம் வேறு ஊரில் கேட்கிற மாதிரி இருந்தது.

கடலைக்காரர் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தி, இப்போது இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் எடுங்கள், முகம்தான் பாடம் என்றார் டீச்சர். என்னையும் அவளையும் பார்த்து, உங்களுக்கு ஜோடி தேட வேண்டியதில்லை என்றார். நான் கேமராவின் மூடியைக் கழற்றினேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "நான் பைய பாத்துக்கறேன் டீச்சர். அவருக்கு வேற யாராச்சும் குடுங்க," என்று சொல்லிவிட்டுக் கரைக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது அந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கட்டிப் புதுமனை புகுந்த சமயத்தில் அவளுக்கு வெண்புள்ளி வர ஆரம்பித்திருந்தது. முதலில் வாயோரம், பிறகு இடது கண் இமை, பிறகு விரல்கள். ஒட்டாது, வலிக்காது, நிறம்தான் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேலைத் தலைப்பால் வாயை மூடிப் பேசுகிற பழக்கம் மட்டும் அவளுக்கு வந்திருந்தது. விழாவுக்கு ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். என்னோடு தோல் தூக்கின தோஸ்துகள், முதலாளிகள், சரக்கு வாங்குகிறவர்கள். போட்டோகிராபர் எங்களை நிற்க வைத்து லைட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். ஏன் திருப்புகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. எனக்குக் கூச்சம். கூச்சம் வந்தால் நான் ஜாஸ்தி பேசுவேன். "என் கண்ணுக்குத் தப்புன ஒரே ஷேடு வித்தியாசம் இதான்ப்பா. எடு எடு, சரக்க திருப்பி அனுப்ப முடியாது," என்றேன்.

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தப் படத்தை எடுக்கும் நேரத்தில், அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனாள். பிறகு வரவேயில்லை. அன்றைக்கு அடுப்பில் பால் இல்லை. காலையிலேயே பொங்கியாகிவிட்டது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசினேன், இதை மட்டும் இரண்டு பேருமே பேசாமல் இருபது வருஷம் ஓட்டிவிட்டோம்.

அகழிக் கரையில் அவள் கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. மீன் ஏதோ துள்ளியிருக்க வேண்டும், லேசாகச் சிரித்தாள். சேலைத் தலைப்பு வாயில் இல்லை. நான் ஒரு விளம்பரப் பலகைக்குப் பக்கமாக ஒதுங்கி, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், தூரத்திலிருந்தே ஒன்று எடுத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது.

திரையில் பார்த்தேன். மஞ்சள் வெயில் முகம் முழுக்கப் பூசியிருந்தது. வாயோரத்து வெள்ளை, இமை வெள்ளை, எதுவும் இல்லை. எல்லாம் ஒரே நிறம். கல்யாணமான புதிதில் இருந்த முகம் மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நேராக அவளிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன்.

"பாரு. தெரியவே இல்ல பாரு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள்.

"மணி இன்னா?" என்று கேட்டாள்.

ஆறு ஆகப்போகிறது என்றேன்.

"நாலு மணிக்கு மேல பாத்த சரக்க நீங்க பாஸ் பண்ண மாட்டீங்களே. முதலாளி வந்து கேட்டாலும் மேஜைய மூடுவேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிகினு திரியறீங்க. எனக்கு மட்டும் இன்னா, சாயங்கால வெளிச்சமா?"

அவள் குரலை ஏற்றவில்லை. விலை சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னிக்கி, சரக்க திருப்பி அனுப்ப முடியாதுன்னீங்க. இன்னிக்கி, தெரியவே இல்லன்றீங்க. ரெண்டும் ஒண்ணுதாங்க. அத்த அழிச்சிடுங்க."

இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே படம் அது. அழித்தால் இன்னொன்று கிடைக்கும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வைத்துக்கொண்டே அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அவளுக்கு அந்தப் பட்டன் எதுவும் தெரியாது. அவள் கண் முன்னால் திரையைப் பிடித்து, குப்பைத்தொட்டிப் படத்தைக் காட்டி, இதுதான் அழிக்கிற இடம் என்று சொல்லி அழுத்தினேன். அதற்கு முன்னால் இருந்த நீர்க்காகம் திரையில் வந்து நின்றது.

"அன்னிக்கி நான் பேசனது தப்புதாம்மே," என்றேன். இவ்வளவுதான் வந்தது. முதலாளிகள் கூடும் சங்கத்தில் மைக் பிடித்து அரை மணி நேரம் பேசுகிற ஆள் நான்.

அவள் பையிலிருந்து முறுக்கை எடுத்து ஒன்றை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை எனக்குக் கொடுத்தாள். டீச்சர் எல்லோரையும் கூப்பிட்டு யார் யார் நல்ல முகம் எடுத்தீர்கள் என்று பார்த்தார். என்னிடம் முகம் இல்லை, காகம்தான் இருக்கிறது என்றேன். சூரியன் போய்விட்டது. தண்ணீர் சாம்பலானது. நடைபாதை விளக்குகள் எரிய, பிள்ளைகளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஜனங்கள் கலைந்தார்கள்.

காருக்கு நடக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டி வலி என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"காலைல பத்து மணிக்கு உங்களுக்கு வேல ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லம்மே."

"எங்கியும் போயிடாதீங்க."

மறுநாள் பத்து மணிக்கு மாடி அறையின் வடக்கு ஜன்னலைத் திறந்து வைத்தேன். நாற்காலியை நானே துடைத்துப் போட்டேன். லென்ஸையும் இரண்டு தரம் துடைத்தேன். அவள் தலை வாரி, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பவுடர் போடவில்லை. உட்கார்ந்து, தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அது வாய்க்கு வராமல் இருக்கத்தான். இரண்டு கையின் வெள்ளை விரல்களும் மடியின் மேல் தெரிந்தன.

கேமரா வழியாகப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆயிரக்கணக்கான தோல்களைத் திருப்பிப் பார்த்த கண் இது. இவள் முகத்தை அந்த வெளிச்சத்தில், ஒளிந்து பார்க்காமல், நேராக நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. வாயோரத்து வெள்ளை ஓரத்தில் சின்னச் சின்னத் தீவுகளாக உடைந்திருந்தது. இடது இமையில் மூன்று முடி வெள்ளை. அதெல்லாம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"இன்னா தரம் போடுவீங்க?" என்று கேட்டாள். உதடு கோணிச் சிரிப்பு.

"அந்த வேலய மகன்கிட்ட குடுத்துட்டேன்."

"நல்ல வேள. எடுங்க, அடுப்புல பால் இருக்குது."

முதல் படம் ஆடிப்போய்விட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள், ம் என்றாள், கீழே இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கித் தீயில் விழுகிற வாசனை மாடி வரைக்கும் வந்தது. அன்றைக்கு உண்மையாகவே அடுப்பில் பால் இருந்தது.