எல்லாரும் திரும்பிப் பார்த்த வண்டி

போன வருஷம் சித்திரைக் கடைசி, ஒரு வியாழக்கிழமை. மணியாச்சிக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே கேட்டில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பதினாலு வயதில் அடுத்தவர் டிராக்டரில் கலப்பை மாட்டிவிடப் போனேன். இன்றைக்குக் கோவில்பட்டியைச் சுற்றிக் கரிசல் காட்டில் உழவு என்றால் முதலில் எனக்குத்தான் போன் வரும். நாலு டிராக்டர், ஒரு அறுவடை மிஷின், ஒரு கார். எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. டிராக்டர் தெருமுனையில் திரும்பும்போதே, வீட்டுக்குள் படுத்தபடி, "மூணாவது வண்டி வருது, இன்ஜெக்டர் அடைச்சிருக்கு" என்பேன். கழற்றிப் பார்த்தால் அடைத்துத்தான் இருக்கும். மெக்கானிக்குகளே என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் காதைக் குடுங்க" என்பார்கள்.

காரை நானேதான் ஓட்டுவேன். ஆயிலும் நானே மாற்றுவேன். சர்வீஸுக்கு விடுகிற வழக்கமே கிடையாது. எனக்குத் தெரியாததை எவன் பார்த்துவிடப் போகிறான் என்ற நினைப்பு.

அந்த நாலைந்து மாதமாக ஒன்றைக் கவனித்தேன். டீக்கடை முன்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கோயில் வாசலில் நிறுத்தினாலும் அதே கதை. உழைத்து மேலே வந்தவனை ஊர் திரும்பிப் பார்க்கத்தானே செய்யும்! நானும் கண்ணாடியை இறக்கி, கையைக் காட்டிவிட்டுப் போவேன்.

என் வீட்டுக்காரி மட்டும், "வண்டி கத்துது, என்னன்னு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "இந்தக் காதுக்குக் கேக்காத சத்தம் உனக்குக் கேக்குதோ?" என்று நான் வாயை அடைத்துவிடுவேன். முன்சக்கரம் ரெண்டும் எத்தனை தடவை கழுவினாலும் கறுத்துப் போகிறது என்றும் சொன்னாள். கரிசல் ஊரில் சக்கரம் வெள்ளையாகவா இருக்கும் என்றேன்.

எங்களுக்கு ஒரே மகள். கொடைக்கானல் மலையில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வைகாசி முதல் ஞாயிறு அங்கே வளைகாப்பு முடித்து, அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். மாப்பிள்ளை வாடகைக் கார் பேசவா என்று கேட்டார். "என் மகளை என் வண்டியில, என் கையாலதான் மலை இறக்குவேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை வளைகாப்புக்கு மச்சினனை அழைக்க, நானும் வீட்டுக்காரியுமாக மணியாச்சிப் பக்கம் போனோம். கேட் சாத்தியிருந்தது. நாலைந்து வண்டிகள் நின்றன. கடைசியில் ரெண்டு ஆடுகளோடு ஒரு லோடு ஆட்டோ. அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். வழக்கம்போல எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் வழக்கம்போலக் கையைத் தூக்கினேன்.

நிற்கிற வண்டிகளுக்கு வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், தட்டோடு என் ஜன்னலுக்கு வந்தாள். ரெண்டு வாங்கினோம். உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. பிரேக்கு பிடிச்சா உங்க வண்டி கிரீச்சுன்னு கத்துது. பேடு தேஞ்சு முடிஞ்சிருக்கும், பாத்துக்கிடுங்க."

எனக்கு எப்படி இருக்கும்! "ஏம்மா, நான் நாப்பது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கேன். நீ வெள்ளரிக்காயைப் பாரு" என்றேன்.

"வெள்ளரிக்காயைத்தான் பாக்கேன். எம் முதுகுக்குப் பின்னால வார வண்டி நிக்குமா, நிக்காதான்னு எங்காதுதான பாக்கணும்? பன்னெண்டு வருஷமா இந்த ரோட்டுல நிக்கேன், இன்னும் ரெண்டு காலும் இருக்குல்ல?" என்றாள் அவள்.

லோடு ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. உங்க சத்தத்துல எங்க ஆடே துள்ளுது."

"எந்தச் சத்தம்யா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

சொன்ன பிறகு பக்கத்தில் பார்த்தேன். என் வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் சொன்னா எங்க கேட்டிய?" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இறங்கி, சாவியை ஆட்டோக்காரர் கையில் கொடுத்தேன். "நீரே ஓட்டும். நான் வெளிய நின்னு கேக்கேன்."

அவர் காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, முன்னால் வந்து பிரேக்கை மிதித்தார். நான் குனிந்து முன்சக்கரத்துக்கு நேராகக் காதைக் கொடுத்தேன். டயரில் ஜல்லி நறநறப்பது கேட்டது. இன்ஜின் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்ட நினைப்பில் நிமிர்ந்தேன்.

வரிசையில் நின்ற ஒரு பைக்கில் இருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் இருந்த பெண் ரெண்டு காதையும் பொத்தியிருந்தாள். ஆடு ரெண்டும் ஆட்டோவின் மூலையில் ஒடுங்கி நின்றன. வெள்ளரிக்காரி என்னையே பார்த்தாள். கேலி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"நெசமாவே கேக்கலையா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தச் சத்தத்தை நான் அவர்கள் முகத்தில்தான் கேட்டேன். டீக்கடை பெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. கோயில் வாசல் ஞாபகத்துக்கு வந்தது. நான் கை காட்டியது எல்லாமும். அன்றைக்கு வியாழன். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் என் மகள் மலை இறங்க வேண்டும்.

ரயில் போய்க் கேட் திறந்ததும், நான் காரைத் திருப்பிக்கொண்டு, மச்சினனுக்குப் போனிலேயே அழைப்பைச் சொல்லிவிட்டு, முப்பதைத் தாண்டாமல் கோவில்பட்டிக்கு வந்தேன். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். தட்டையான கட்டை மாதிரி இருக்க வேண்டிய பேடு, அட்டை கனத்துக்குத் தேய்ந்துபோய் இருந்தது. உள்பக்கத்துப் பேடில் அதுவும் இல்லை. வெறும் இரும்புதான் சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. பிரேக் ஆயிலும் டப்பாவில் அடிக்கோட்டுக்குக் கீழே. கொஞ்ச நாளாகப் பிரேக் மிதி ஆழமாக இறங்கியது எனக்கும் தெரியும். புதுச் செருப்பால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

சக்கரத்தில் இருந்த கறுப்பை விரலால் வழித்துக் காட்டினார். "இது கரிசல் இல்ல அண்ணாச்சி, பேடு தேஞ்ச பொடி. பேடுல கம்பெனிக்காரன் சின்னதா ஒரு தகடு வச்சிருக்கான். பேடு தேஞ்சா அது உரசிக் கத்தும். கத்துறதுக்குன்னே வச்சது. இதோட மலையில இறங்கியிருந்தா, மிதிச்சு மிதிச்சு சூடேறி, எந்த வளைவுல கைவிடுமோ, என்னால சொல்ல முடியாது."

பேடு, டிஸ்க், ஆயில் மூன்றையும் மாற்றினோம். ஞாயிறு வளைகாப்பு முடிந்து, மகளைப் பின்சீட்டில் அவள் அம்மாவோடு உட்காரவைத்து, ரெண்டாம் கியரில் மலை இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் "கத்துதா?" என்பேன். "இல்ல, ரோட்டைப் பாருங்க" என்பாள் வீட்டுக்காரி. கீழே சமதளம் வந்து ஒரு டீக்கடையில் நிறுத்தியதும்தான் என் தோள் ரெண்டும் இறங்கின. அங்கே ஸ்டியரிங் மேலேயே தலையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். மகள், "என்னப்பா, களைப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"பிரேக்கு ஒரு தடவைகூடக் கத்தல. உங்க மக வளையல்தான் வழியெல்லாம் கத்துச்சு" என்றாள் வீட்டுக்காரி.

அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

மறுவாரம் காது டாக்டரிடம் போனேன். நாற்பது வருஷம் டிராக்டர் பக்கத்திலேயே நின்றதில் மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது, தடித்த சத்தம் மட்டும் மிச்சம் என்றார். மருந்தடித்து மருந்தடித்துச் சில்வண்டையே ஒழித்துவிட்டார்கள் என்று ரெண்டு வருஷமாக டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். காதில் மிஷினை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று பார்த்தால், சில்வண்டு அத்தனையும் எங்கள் கொல்லையில்தான் கத்திக்கொண்டிருக்கிறது. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். வளையல் கேட்டது.

பேத்தி பிறந்து, அதற்குப் பிறகு ஒரு நாள் அதே கேட்டுக்குப் போனேன். ஏழெட்டு வண்டிகளுக்குப் பின்னால் நிறுத்தினேன். வெள்ளரிக்காரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் இறங்கி, பக்கத்தில் போய் நின்று, "எனக்கு ரெண்டு குடும்மா" என்ற பிறகுதான் திரும்பினாள்.

"அட, அண்ணாச்சியா! வண்டி வந்ததே தெரியலையே!"

டிராக்டர் சத்தத்தில் இன்றைக்கும் என்னை ஜெயிக்க இந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஆனாலும் நான் வண்டியை நிறுத்துகிற இடத்தில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காவிட்டால், அன்றைக்கு எனக்கு நிம்மதி. யாராவது திரும்பிப் பார்த்தால் இப்போது கையைக் காட்டுவதில்லை, இறங்கிப் போய் என்னவென்று கேட்கிறேன்.