கரையில் ஓடக் கூடாத நேரம்

ஷார்ஜாவுக்கு வந்த முதல் வாரம். கடற்கரை நடைபாதையில் குப்பை கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் என்னை நோக்கி ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும், முகமெல்லாம் வியர்வை. நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, என்ன ஆயிற்று, யாருக்கு என்ன என்று தெரிந்த மலையாளத்தில் கேட்டபடி அவர் கூடவே ஓடினேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, என்னை மேலும் கீழும் பார்த்து, "குட், குட். எவ்ரி டே" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். உடம்பைக் குறைக்கத்தான் நானும் ஓடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

இங்கே காலையும் மாலையும் ஆண்களும் பெண்களும் ஓடுகிறார்கள். யாரும் அவர்களைத் துரத்துவதில்லை. யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. குமரி மாவட்டத்தில் இனயத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் அப்படி இல்லை. ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில் கரையில் ஒருவர் ஓடினால், எங்கோ வள்ளம் கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுப்பில் கஞ்சி கொதித்தாலும் பெண்கள் அப்படியே விட்டுவிட்டு வெளியே வருவார்கள். "ஆருக்க வள்ளம்?" என்பதுதான் முதல் கேள்வி. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. சின்னப் பிள்ளைகள்கூட அந்த நேரத்தில் சாலைப் பக்கம்தான் விளையாடும்.

அந்த ஊரில்தான் என் மகள் ஜெனிஷா ஓட்டக்காரியானாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்று வள்ளத்தில் ஏறியவன். முதுகு கெட்டு, வலை இழுக்க முடியாமல் ஆனபிறகு இங்கே வந்தேன். நாகர்கோவில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்ததாக மகள் சொன்னபோது, செருப்புப் போட்டா போடாமலா என்று மட்டும் கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. "போடாமத்தான் அப்பா. ஷூ போட்டவளுவ எல்லாம் எனக்குப் பொறவுதான் வந்தாளுவ" என்றாள். விளையாட்டு ஆசிரியை அனுப்பிய வீடியோ என் போனில் சுற்றிக்கொண்டே நின்றது. அது திறப்பதற்குள் அவள் நான்கு முறை ஓடி முடித்திருப்பாள். அந்த வருடம் மாவட்டப் போட்டியிலும் வென்றாள். இரண்டாம் வருடம் தொடையில் தசை கிழிந்து ஐந்து மாதம் நொண்டினாள். காயம் ஆறியதும் ஆசிரியை ஒன்று சொன்னார்: மாலையில் கல்லூரி மைதானத்தில் ஓடுவது மட்டும் போதாது, காலையில் ஊரில் மணலில் ஓடினால்தான் காலுக்குப் பழைய பலம் திரும்பும், மூன்றாம் வருடத்துப் பல்கலைக்கழகப் போட்டியை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை. எங்கள் சாலையில் பஸ்ஸும் மீன்வண்டியும் ஒதுங்கவே இடம் கிடையாது. ஓட இடமென்றால் கரை ஒன்றுதான்.

முதல் நாள் விடிந்ததும் ஓடினாள். வீட்டுக்கு ஒருத்தியாக வெளியே வந்துவிட்டார்கள். பிலோமி அக்கா மணலிலேயே மயங்கி விழுந்தார்.

என் மனைவி ஷீபா அன்று போனில் சொன்னாள். "அக்காவ ரெண்டு பேரு தூக்கிட்டுப் போனாவ. பொறவு கூட்டமா வந்து, ஏட்டி, ஒனக்க மவ மெடல் வாங்க நாங்க நெஞ்சு வெடிச்சுச் சாவணுமான்னு கேட்டாளுவ. அவளுவ சொல்லுததும் நியாயந்தான். பிள்ள கதவ அடைச்சிட்டுக் கெடக்கா. நீங்க ஒரு வாக்கு சொல்லுங்க. வேண்டாமுன்னா இத்தோட நிறுத்திரட்டு."

பிலோமி அக்காவின் கணவர் கடலில் இறந்து பதினாறு வருடம் ஆகிறது. வேறொரு வள்ளத்தில் இருந்த நாங்கள்தான் உடலைக் கொண்டுவந்தோம். கரை தொட்டதும் செய்தி சொல்ல ஓடியவன் நான். அக்கா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. ஓடிவருவதைப் பார்த்ததுமே கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டார். அதன்பிறகு அவர் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். ஆட்களிடம் பேச இயல்பாகவே கூசுகிறவன் நான். அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அன்றும் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டுதான் ஓடினேன். ஜெனிஷாவும் அப்படித்தான் ஓடுகிறாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. இரண்டு தடவை அதைச் சொல்லப் போனை எடுத்தேன். மூன்றாவது தடவை, வெள்ளிக்கிழமை லீவில், அக்காவையே கூப்பிட்டேன்.

"ஆரு?"

"அந்தோணி."

"எந்த அந்தோணி? ஊருல கல்லெடுத்து எறிஞ்சா ஏதாவது ஒரு அந்தோணி மேலதான் விழும்."

"ஷீபாவுக்க மாப்பிள்ள."

அவர் மேலே கேட்பதற்குள் நானே கேட்டேன்.

"பிள்ளைய நிறுத்திரச் சொல்லட்டா அக்கா?"

"அவ ஓடுதத நான் எதுக்குலே நிறுத்தணும்? ஆளு கடலுல இருக்கும்போ ஓடாண்டாமுன்னுதான் சொன்னேன்."

"ஆளு எப்பவும் கடலுலதானே அக்கா இருக்காவ."

அக்கா மெதுவாகக் கேட்டார். "அண்ணைக்கு நீ எதுக்கு மக்கா ஓடின? நடந்து வந்திருந்தா, இன்னும் அஞ்சு நிமிசம் எனக்கு மாப்பிள்ள இருந்திருப்பாருல்லா."

தெரியலக்கா என்றேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"செரி. நாளைக்குக் காலம்பற நான் போயி கரையில இருக்கேன். நான் சும்மா இருக்கதப் பாத்தா ஒருத்தியும் பயப்படமாட்டா" என்றார்.

மறுநாளிலிருந்து எட்டு மாதம், தினமும் காலை ஓட்டம் முடியும்வரை அக்கா மணலில் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு வெளியே வருகிற பெண்கள் முதலில் அவரைப் பார்ப்பார்கள். அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் உள்ளே போய்விடுவார்கள். முதல் சில நாள் என் மகள் கடக்கும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாராம். பிறகு பார்க்கத் தொடங்கினார். பிறகு திட்டவும் தொடங்கினார். "ஏட்டி, நேத்து இதவிட வெரசா ஓடினியே, ராத்திரி தின்னது செரிக்கலியா?"

பல்கலைக்கழகப் போட்டியன்று எனக்கு மதிய வேலை. ஷீபா கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது.

"ஒண்ணாவது வந்துட்டா" என்றாள் கடைசியில். "அகில இந்தியப் போட்டிக்கும் எடுத்துட்டாவளாம்."

"அக்காகிட்டச் சொன்னியா? ஓடிப்போயிச் சொல்லு" என்று சொல்லிவிட்டேன்.

"போன வள்ளம் ஒண்ணும் இன்னும் கரைக்கு வரல்ல" என்றாள்.

"அப்போ நடந்து போ."

இருவரும் போனை வைக்கவில்லை. அக்காவின் வீடு ஊரின் மறு ஓரம். மணலில் ஷீபாவின் கால் புதைந்து புதைந்து எடுக்கும் சத்தம் கேட்டது. பக்கத்திலேயே கடல் இரைந்தது. எனக்கு இந்தப் பக்கமும் கடல்தான். துடைப்பத்தைத் தோளில் சாய்த்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவள் அடிக்கு ஓர் அடியாக நானும் மெதுவாக நடந்தேன். என்னைத் தாண்டி இரண்டு பேர் ஓடிப்போனார்கள். நான் கூட்டவேண்டிய எல்லையைக் கடந்துவிட்டதைப் பார்த்து, எங்கே போகிறாய் என்று மேற்பார்வையாளர் கை காட்டிக் கேட்டார். பிலோமி அக்கா வீட்டுக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?