குதிரைக்காரரைப் பட்டினி போட்ட டியூட்

பதிமூன்று பேர் ஒரே தப்பை எழுதியிருந்தால் அது தப்பில்லை, விடை. டியூஷன் வகுப்பில் பேப்பர் திருத்துகிற தொழிலில் இதுதான் முதல் பாடம். பதினாலாவது ஆள் சரியாக எழுதித் தொலைத்ததால்தான் எனக்குப் பிரச்சினை.

போன வருஷம் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதி, தாளை மறுபடி திருத்தக் கேட்டுவிட்டு அந்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன் நான். இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் ஆங்கில இலக்கிய வகுப்பு நடத்துகிற சார், தன் பழைய மாணவன் என்று என்னைப் பேப்பர் திருத்தக் கூப்பிட்டார். இதற்குப் பெரிய அறிவு வேண்டாம். சார் அச்சடித்துக் கொடுக்கிற பாடக்குறிப்புக்கு டியூட் என்று பெயர். டியூட்டை ஒரு கையில் பிடி, தாளை மறு கையில் பிடி, ரெண்டும் ஒத்துப்போனால் சரி போடு. டியூட்டைப் பாடமாக்கியே வளர்ந்த சக பாவிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பதிமூன்று தாள், ஒரே மூளை

ஆரம்பகால ஆங்கிலக் கவிஞர்கள் இருவரின் வாழ்வையும் படைப்பையும் ஒப்பிடுக. இதுதான் கேள்வி. பெயர்கள் வாயில் நுழையாததால் வகுப்பில் ஒருவர் குதிரைக்காரர், மற்றவர் நடைக்காரர். குதிரைக்காரர் பாட்டில் எல்லாரும் குதிரையேறி யாத்திரை போகிறார்கள், வழியெல்லாம் கதை, சிரிப்பு. நடைக்காரர் பாட்டில் எல்லாரும் சேற்றில் நடக்கிறார்கள், பசி, கோபம், உழைக்கிறவனுக்கு என்ன நியாயம் என்ற கேள்வி.

டியூட்படி குதிரைக்காரர் செத்தவர்களுக்கு ஜெபம் பாடிப் பிழைத்த பரதேசி. நடைக்காரர் ராஜாவிடம் உத்தியோகம் பார்த்தவர். 'அரண்மனையில் சாப்பிட்டு வளர்ந்ததால் ஏழைகளின் பசியை நன்கு அறிந்திருந்தார்' என்று அர்த்தம் வருகிற ஆங்கில வாக்கியம் பதிமூன்று தாளிலும் கமா முதற்கொண்டு அப்படியே இருந்தது. நானும் யோசிக்காமல் பதிமூன்று தடவை சரி போட்டேன். வட்டவளையிலிருந்து வருகிற சுகந்தி அக்கா மட்டும் ரெண்டு பேர் வாழ்க்கையையும் தலைகீழாக எழுதியிருந்தார். இருபதுக்கு ஏழு போட்டேன்.

அக்கா என்னைவிட மூத்தவர். பரீட்சை அவருக்கு இது மூன்றாம் தடவை. கம்பஸ் என்கிற பல்கலைக்கழகத்துக்குப் போக அதற்கு மேல் வாய்ப்பு கிடையாது. கிடைக்காவிட்டால் கொழும்பில் யார் வீட்டிலோ பிள்ளை பார்க்கிற வேலைக்கு அவர் மாமா இப்போதே பேசி வைத்துவிட்டார். இதெல்லாம் தெரிந்தும், வகுப்பில் முதலாவதாக வருகிற பிரகாஷ் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தான்: "ரெண்டு தடவ எழுதியும் அக்காவுக்கு டியூட்ட பாடமாக்கத் தெரியல பாருங்கண்ணே!"

காம்பிராவில் கேட்ட இலக்கியம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக இருக்கும்; அதில் ஒரு காம்பிராவில், அதாவது ஒற்றை அறை வீட்டில், ஒருத்தன் சத்தம் போட்டுப் படித்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் பாஸாகலாம். அப்படி ஒரு மாதமாக மகன் படித்ததைக் கேட்டுக் களைத்துப்போன பிரகாஷின் அம்மா, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த கையோடு மாடியேறி வந்துவிட்டார். கொழுந்து பறிக்கிறவர். "என்னத்தங்க தம்பி இவன் கத்திக்கிட்டே இருக்கான்?" என்று கேட்டார்.

தமிழில் கேட்க ஆள் கிடைத்த குஷியில் டியூட்டை அப்படியே ஒப்பித்தேன். பட்டினி கிடந்தவர் எல்லாரையும் குதிரையேற்றிச் சிரிக்க வைத்தார், அரண்மனையில் சாப்பிட்டவர் சேற்றில் நடக்கவிட்டு நியாயம் கேட்டார் என்றேன். அம்மா மரக்கறிப் பையைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க தோட்டத்துல தொரை என்னைக்குங்க தம்பி பசிக்குதுன்னு பாட்டுப் பாடுனாரு?"

ஏழு மார்க் தாள்

மறுபடி சுகந்தி அக்காவின் தாளை எடுத்தேன். இந்தத் தடவை படித்தேன். முதல் தடவை டியூட்டோடு ஒத்துத்தான் பார்த்திருந்தேன்.

அரண்மனையில் வயிறு நிறைந்த குதிரைக்காரருக்குத் திருடனைப் பார்த்தும் சிரிக்க முடிகிறது, அதனால் அவர் பாட்டில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி முகம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பசித்த நடைக்காரருக்கு முகம் பார்க்க நேரமில்லை, எல்லாருக்கும் பொதுவான பசிதான் அவர் கண்ணில் படுகிறது. முதலாமவர் இல்லையென்றால் அந்தக் காலத்து மனிதர்களை நமக்கு அடையாளம் தெரியாது. இரண்டாமவர் இல்லையென்றால் அவர்கள் சாப்பிட்டார்களா என்றே தெரியாது. இதற்கு ஏழு போட்ட கை என்னுடையதுதான்.

எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு அக்கா நூலகத்துப் புத்தகத்தைக் காட்டினார். டியூட்டில் இரண்டு வாழ்க்கைக்கும் தலைப்பு மாறி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் பரீட்சையில் எழுதிவிட்டு வந்ததும் அதே டியூட்டைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இது தெரிந்தும் ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. "புத்தகம் ஒண்ணு சொல்லுது, சார் ஒண்ணு சொல்றாரு, நான் ரெண்டு தடவ ஃபெயிலானவ தம்பி. இந்தத் தாளுக்கு நல்ல மார்க் வந்தா பரீட்சையில இப்புடியே எழுதுவேன், வரலன்னா டியூட்டையே பாடமாக்கிட்டுப் போயிருவேன்."

சாரின் இலக்கியக் கொள்கை

புத்தகத்தையும் டியூட்டையும் சார் முன்னால் வைத்தேன். சார் புத்தகத்தைப் பார்த்தார், டியூட்டைப் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார். ஹட்டன் குளிரில் அது ஒருநாளும் சுற்றியதில்லை. பிழை என்று ஒத்துக்கொண்டார், அதற்காகப் பாராட்டலாம். ஆனால் நாலு வருஷமாக இதே டியூட் என்று வெளியே தெரிந்தால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் வகுப்பு நடத்துகிறவர் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுவாராம். அடுத்த வருஷம் சத்தமில்லாமல் மாற்றிவிடலாமாம்.

"அப்ப இந்த வருஷத்துப் பிள்ளைங்க சார்?" என்றேன்.

சார் என் தோளில் கை போட்டார். "பரீட்சைக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு, இப்பப் போயி கொழப்பாத. அவங்க ரெண்டு பேரும் செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆச்சு, எந்திரிச்சு வந்து கேஸா போடப் போறாங்க?"

சுகந்தி அக்காவின் ஏழு மார்க்கில் கை வைக்காதே, அடியில் 'டியூட்டைப் பார்க்கவும்' என்று எழுது, வகுப்பில் வாயைத் திறக்காதே, தாள்களைக் கொடு என்று சார் சொன்ன நாலு காரியத்தில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒழுங்காகச் செய்தது தாள்களைக் கொடுத்தது மட்டும்தான்.