நான்கில் ஒரு சக்கரம்

சின்னக்கானல் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்த சோலை, 1957ஆம் ஆண்டில் அப்துல் சமதுவின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்துல் சமது பாலக்காட்டுக்காரர்; சித்திரபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். லாரி போடியிலிருந்து அரிசியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலையேறும். இறங்கும்போது தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுபோகும். ஓராண்டுக்குள் அதன் பிரேக் ரப்பர் மூன்று முறை மாற்றப்பட்டது. சக்கரத்துக்குள் இருக்கும் சிறு உருளையில் பிரேக் ஆயில் கசியாதபடி அடைத்து நிற்கும் கிண்ண வடிவ ரப்பர் அது. ஒரு முறை போட்டால் இரண்டு வருடமாவது தாங்க வேண்டும். சோலை போட்டவை இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை. இவ்வளவையும் யாரும் மறுக்கவில்லை. ஏன் என்பதில்தான் ஆளுக்கொரு தீர்ப்பு.

மதுரைக் கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறான் என்றார் சோலை. லாரியின் பின்னால் நின்று, வண்டி சரிவில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கும் கருத்தப்பாண்டியோ, மெட்டில் ஒரு சேவல் அறுக்காமல் இது தீராது என்றார். அறுத்தால் குழம்பு தமக்கும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அப்துல் சமதோ, சோலை மூன்றாவது பில்லைக் கொடுத்தபோது, அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பில் பொய்யோ என்ற அந்தப் பார்வையே சோலைக்குப் போதுமானதாக இருந்தது. அன்று அவர் கடையில் டீ குடிக்கவில்லை.

நான்காம் முறை ரப்பரைக் கோயம்புத்தூரிலிருந்து முதலாளியே வாங்கிவந்தார்.

"நாலு சக்கரத்துக்கும் இருக்கு, மேல ரெண்டு ஜோடி கூடவும் இருக்கு. நான் நின்னு, பார்த்து வாங்கினது. இதுவும் போச்சுன்னா குறை சரக்குல இல்ல, சோலை."

"என் கையிலங்கிறீங்களா, மொதலாளி?"

"எனக்குக் கடையில கச்சவடம் ஓடணும். வண்டிக்கு வேற ஆள் பாக்க வேண்டி வரும்னு சொல்றேன்."

சோலை பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரப்பர்களின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. நட்டு ஆகட்டும், பேரிங் ஆகட்டும், எந்தப் புதுச் சாமானையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைக்காமல் வண்டியில் ஏற்றாதவர் அவர். இந்த முறை இன்னும் கவனமாக, நான்கு சக்கரத்துக்கானதை மட்டும் எடுத்து ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டார்.

"பெத்த பிள்ளைக்கு இந்தக் குளிப்பு கிடையாது. விளக்குக்கு வச்ச எண்ணெயெல்லாம் லாரிக்குத்தானா?" என்றாள் அவர் மனைவி பூமாரி.

"மலையில என்னை நிறுத்துறது அதுதாண்டி."

"அப்ப சோத்தையும் அதையே ஆக்கச் சொல்லுங்க."

ஆடி மழையில் அந்த நாள் வந்தது. தேயிலைப் பெட்டிகளோடு மெட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வளைவுக்கு முன் சோலை பிரேக்கை மிதித்தார். கால் அடிப்பலகை வரை போய்விட்டது. மறுபடி மிதித்தார். அங்கே ஒன்றுமே இல்லை. கியரை இறக்கினார், பல்லுக்குப் பல் அரைபட்டுப் போய் உட்கார்ந்தது. கைபிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு வண்டியின் மூக்கை மலைப் பக்கத்து மண்சுவரில் உரசவிட்டார். "கட்டை, மாமா" என்று அவர் சொல்லும் முன்பே கருத்தப்பாண்டி குதித்திருந்தார். கட்டை ஒரு முறை நழுவியது. இரண்டாம் முறை சக்கரம் அதன் மேல் பாதி ஏறி, நின்றது. வளைவுக்கு இன்னும் ஒரு லாரி நீளம்கூட இல்லை.

சோலை இறங்கி, கட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்லையும் அண்டக் கொடுத்தார்.

"சேவல் மலிவு, மாப்ளே" என்றார் கருத்தப்பாண்டி.

முன்பக்க இடது சக்கரத்தில் ஆயில் வழிந்திருந்தது. சோலை கழற்றிவிட்டு மண்ணெண்ணெய்ப் புட்டியைத் தேடினார். காலி.

"காலையில டீ போட ஈர விறகு பிடிக்கல, அதுல ஊத்திட்டேன். டீயைக் குடிச்சது நீயுந்தானே" என்றார் கருத்தப்பாண்டி.

வேறு வழியில்லை. மிச்சமிருந்த ஜோடி ஒன்றை வெள்ளைப் பொடியோடு அப்படியே, பிரேக் ஆயிலில் தோய்த்துப் போட்டார். அழுக்கைத் தெரிந்தே வைத்துத் தைத்ததுபோல் மனம் உறுத்தியது. கருத்தப்பாண்டி பிரேக்கை மிதிக்க, இவர் குழாயிலிருந்து காற்றை எடுத்தார். முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொள்ளாமலே முடிவாயிற்று.

அதன்பின் ஒவ்வொரு இறக்கத்திலும் சோலையின் கால் அந்த ஒரு சக்கரத்தையே நினைத்துக்கொண்டு மிதித்தது. பொறுக்க மாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் பின்னால் நான்கு சக்கரங்களையும் பிரித்தார். குளிப்பாட்டிப் போட்ட மூன்று சக்கரங்களிலும் ரப்பர் உப்பி, விளிம்பு நெளிந்து, விரலால் அழுத்தினால் மாவாய் அமுங்கியது. இன்னும் சில நாளில் அவையும் கைவிட்டிருக்கும். அழுக்கோடு போட்டது மட்டும் புதிதுபோல் விறைப்பாக இருந்தது. ஒரே பொட்டலம், ஒரே ஆயில், ஒரே கை.

கடைசி ஜோடியில் ஒன்றை மண்ணெண்ணெயில் போட்டு வைத்தார். மறுநாள் காலையில் அது திணித்தால்தான் உருளையின் வாய்க்குள் நுழைந்தது; புது ரப்பரின் இறுக்கம் என்று இதுவரை அவர் நினைத்திருந்தது அதுதான். பக்கத்தில் ஊறாதது வழுக்கிக்கொண்டு போனது. இரும்புக்கு நல்லது செய்த எண்ணெய் ரப்பரைத் தின்றிருக்கிறது.

உப்பிய ரப்பரை ஓடையில் எறிந்துவிட்டு, கோயம்புத்தூர்ச் சரக்கும் மோசம் என்று சொல்லிவிடலாம். இனி ஊறப்போடாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சோலை இரண்டு ரப்பரையும் கையில் ஏந்தியபடி கடைக்குள் போனார். மெட்டில் நடந்ததிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னார்.

அப்துல் சமது இரண்டையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தார்.

"மலையில பிரேக் போனதை ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா வண்டி கையை விட்டுப் போயிரும்னுதான். இத்தனை நாளா என்னைத் திருடன்னு நெனச்சீங்க, மொதலாளி. திருடன் இல்ல, மடையன். எதுன்னாலும் இனி நீங்க சொல்றதுதான்."

முதலாளி உப்பிய ரப்பரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். நல்லதைத் திருப்பிக் கொடுத்தார்.

"திருடனுக்கு வண்டி குடுக்க முடியாது. மடையனுக்குக் குடுக்கலாம், அவன் வந்து சொன்னா. நாளைக்குக் கோயம்புத்தூருக்கு நீயே போ. மூணு ஜோடி." பிறகு உள்பக்கம் திரும்பி, "சோலைக்கு ஒரு டீ" என்றார்.

அன்று சோலை டீயைக் குடித்தார்.

அந்த லாரியை அதன்பின் அவர் ஓட்டியது பதினோரு ஆண்டுகள்.