மனு எழுத ஒரு நெட்புக்

விருதுநகரில் பஜாரை ஒட்டிய சந்தில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்யும் கடை வைத்திருக்கிறேன். எந்த மெஷின் நல்லது என்று யார் கேட்டாலும், எடை, பேட்டரி, ஸ்டோரேஜ், ஸ்கிரீன் என்று மெஷினைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். முத்துமாரிக்கு ஒரு நெட்புக் பார்த்துக் கொடுத்த பிறகு அந்தப் பழக்கம் மாறியது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

1. விரல் எட்டும் கீபோர்டு

முத்துமாரி கடைக்குள் வந்தபோது பிரிண்டர் இங்க் வாங்கக் காத்திருந்த ஒருவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். வலது கன்னமும் கழுத்தும் இரண்டு கைகளும் வெந்து ஆறிய தோல். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலை பார்த்தவர். பக்கத்து ரூமில் வெடிமருந்து தீப்பற்றி எரிந்ததில் இவர் உயிரோடு வந்துவிட்டார். கூட இருந்தவர்கள் வரவில்லை. இதெல்லாம் அவர் பிறகு சொன்னது. அன்றைக்கு வேலையைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

"பாய், சின்னதா, கனமில்லாம ஒரு கம்ப்யூட்டர் வேணும். தோள்ல மாட்டினா தோல் இழுக்கும். கையிலதான் தூக்கணும்."

"பிள்ளைக படிக்கவாம்மா?"

"எனக்குத்தான். கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுதப் போறேன். பஸ்ல கொண்டுபோய்க் கொண்டாறணும். அங்கன கரண்டு கிடையாது."

பிளஸ் டூ முடித்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு சென்டரில் தமிழ் டைப்பிங் பழகியிருந்தார். மனுவை எழுதி, எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினால் பிரிண்ட் கிடைத்துவிடும் என்று எல்லாம் விசாரித்துவைத்திருந்தார்.

முதலில் பதினைந்து இஞ்ச் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டியிருந்தன. அந்தக் கோடியில் இருக்கும் எழுத்துக்குப் போக முழுக் கையையும் நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தும்போதெல்லாம் உதட்டைக் கடித்தார்.

அடுத்து நெட்புக். அந்தப் பெயரைக் கம்பெனிக்காரர்கள் விட்டுவிட்டார்கள். பதினொரு இஞ்ச் சின்ன லேப்டாப்பை எங்கள் கடையில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். அதன் கீபோர்டு நெருக்கமாக இருக்கும். மற்ற கஸ்டமர்கள், விரல் இடிக்கிறது என்று இரண்டு வரி அடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். முத்துமாரிக்கு அதுதான் வசதியாக இருந்தது. கையை நகர்த்தாமலே எல்லா எழுத்தும் எட்டியது. 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு' என்று அடித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று ஒருதரம் வாசித்துக்கொண்டார்.

தெருவில் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். கண்ணாடி போல மின்னாத ஸ்கிரீன் என்பதால் எழுத்து தெரிந்தது. வெளிச்சத்தை முழுதாக வைத்து மறுநாள் காலையில் ஓடவிட்டேன். மத்தியானச் சாப்பாடு தாண்டியும் பேட்டரி தாங்கியது. சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது குறைகளையும் மறைக்கவில்லை. ஸ்டோரேஜ் கம்மி, ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்தால் திணறும், திறப்பதற்கு நேரம் எடுக்கும் என்றேன்.

"மனு எழுதுறதுக்கு வேகம் எதுக்கு பாய்?" என்றார். "வாரவுக அழுது முடிக்கிறதுக்குள்ள அது திறந்துக்கிரும்."

விலையும் அவருக்குக் கட்டுப்படியாகும் விலைதான். துணிப்பையில் வைத்துக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

2. சுவரோரம்

கொஞ்ச நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, குறைதீர் நாள் அன்று, அந்தப் பக்கம் ஒரு சர்வீஸ் வேலையாகப் போனேன். மனு எழுதுகிறவர்கள் வரிசையாக மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முத்துமாரி கடைசியில், காம்பவுண்டுச் சுவரோரம், குடையைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தார். நெட்புக் மடியில்.

"மேஜை போடலையாம்மா?"

"புதுசா மேஜை போட்டா நடக்க வழி இருக்காதுன்னு சொல்லிட்டாக பாய். நான் எங்கிட்டும் சண்டைக்குப் போகல."

நான் நின்ற நேரத்தில் ஒரு பெரியவர் காகிதக் கட்டோடு வந்தார். குடைக்குக் கீழே குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்குப் போய்விட்டார். முத்துமாரி தலையைத் திருப்பாமல் ஸ்கிரீனைத் துடைத்தார்.

பிறகு வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். புருஷன் பட்டாசுக் கம்பெனித் தீயில் போய்விட்டார். வேறு மேஜைகளைப் பார்க்காமல் நேராக வந்து முத்துமாரி முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்களும் கம்பெனில பட்டதாம்மா?"

"ஆமாக்கா."

"அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லையே."

"சொல்லுங்கக்கா. எழுதணும்ல."

அந்த அம்மா சொல்லச் சொல்ல முத்துமாரி அடித்தார். எந்த ரூம், என்ன சத்தம், யார் வந்து சொன்னது, ஆஸ்பத்திரியில் எதை வைத்து அடையாளம் பார்த்தார்கள். நடுவில் விரல் நின்றால் அந்த அம்மாவும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்.

அப்புறம் முத்துமாரியிடம் வந்தவர்கள் எல்லாம் அப்படிப்பட்டவர்கள்தான் என்று கேள்விப்பட்டேன். பட்டா, முதியோர் உதவித்தொகை என்று வருகிறவர்கள் மேஜைக்காரர்களிடம் போனார்கள். தீப்பட்ட வீட்டுக்காரர்கள் சுவரோரத்துக்கு வந்தார்கள்.

3. பேட்டரி கம்ப்ளைன்ட்

கோடை முற்றிய சமயம் அவர் கடைக்கு வந்தார்.

"சார்ஜ் நிக்கல பாய். பத்து மணிக்கே அணைஞ்சு போகுது."

ஓடிக்கொண்டிருந்த மெஷினை வாங்கித் திருப்பினேன். அடிப்பக்கம் கை வைக்க முடியவில்லை. உள்ளே பேட்டரி உப்பி, மூடி லேசாகத் தூக்கியிருந்தது. உடனே அணைத்துவிட்டேன். இந்த நெட்புக்கில் ஃபேன் கிடையாது. உள்ளே வருகிற சூடெல்லாம் அடிப்பக்கமாகத்தான் இறங்கும். வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"இம்புட்டுச் சூட்டையா மடியில வச்சிருந்தீக? சுடலையா?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "தொடைத் தோல எடுத்துத்தான கைக்கும் கழுத்துக்கும் வச்சாக. அங்கன சூடு, குளிர் எதுவும் தெரியாது பாய்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு நாளா சேலை ஒட்டுது. வேர்வைன்னு நினைச்சேன்" என்றார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. என் மனைவி ஜமீலா அவரை உள்ளே கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது ஜமீலாவின் முகம் சரியில்லை.

"கொப்புளம் உடைஞ்சு தோல் வழண்டு கிடக்குங்க. ரெண்டு தொடையிலயும். ஆட்டோ கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆட்டோ வரும்வரை முத்துமாரி வாசலில் நின்றார். வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலிக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னொரு தடவ வேகணும்னு இருந்திருக்கு" என்று ஜமீலாவிடம் சொன்னார். "இந்தத் தடவ எனக்கே தெரியல பாருங்க."

ஏற்கெனவே எடுத்த தோல் என்பதால் புண் சீக்கிரம் ஆறவில்லை. தீபாவளி சீசன் வேலை மும்முரமாக நடந்த மாதங்களில் அவர் வீட்டில்தான் கிடந்தார். பேட்டரியை மாற்றி, மெஷின் மடியில் படாமல் வைக்கக் கால்கள் மடங்கும் சின்னப் பலகை ஒன்றும் வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். புண் ஆறி அவர் மனு எழுதத் திரும்பிப் போனபோது சுவரோரத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இப்போது சைக்கிள் ஸ்டாண்டு தாண்டி இருக்கிறார். அங்கே அவரைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் குறைவு. எடை குறைவாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்த மெஷின். இப்போது பலகையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். சின்ன மெஷினை விற்பதற்கு முன் அது எங்கே உட்காரப்போகிறது என்று கேளுங்கள். மேஜையா, தரையா, மடியா. மடி என்றால், அந்த மடி எப்படிப்பட்டது என்றும் கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு கம்பெனியின் சேல்ஸ் ஆள் புது மாடல் கொண்டுவந்தார். ஃபேன் இல்லாதது. மடியில் வைத்தால் சுடுமா என்று கேட்டேன்.

"வெதுவெதுன்னு இருக்கும் சார், அவ்வளவுதான். ரொம்பச் சுட்டா கஸ்டமரே எடுத்துக் கீழ வச்சிருவாங்க" என்று சிரித்தார்.

"சூடு தெரியாத ஆளுகளும் எங்க கடைக்கு வருவாக தம்பி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்காரச் சொன்னேன். மெஷினில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அடியில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.