ஆறு பெரியவர்கள், ஒரு நீச்சல்குளம்

இத்தாலிக்குப் போகலாம் என்ற யோசனை பிளசன்டன் நண்பர் வீட்டில், பிரியாணி சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பியது. நாங்கள் மூன்று குடும்பங்கள். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் நாங்கள், குபெர்டினோவில் ஒரு குடும்பம், பிளசன்டனில் ஒரு குடும்பம். பெரியவர்கள் ஆறு பேருக்கும் சாஃப்ட்வேர் வேலை, எல்லார் வீட்டிலும் சிறு பிள்ளைகள், எல்லாருக்கும் லீவுக்கு லீவு போகிற லேக் டாஹோ ஏரி அலுத்துவிட்டது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. மகனுக்கு மூன்று.

பிளசன்டன்காரர் ஒரு வில்லாவின் படங்களை டிவியில் போட்டுக் காட்டினார். குன்றின் மேல் கல் வீடு, சுற்றிலும் ஆலிவ் மரங்கள், வாசலில் இருபது பேர் உட்காரும் மேசை. பெண்கள் மூவரும் சமையலறைப் படத்தைத்தான் நிறுத்திப் பார்த்தோம். லீவு யாருக்கு என்று கேட்கத் தோன்றாமல், குக்கரை யார் பெட்டியில் வைப்பது, புளியோதரைப் பொடி எத்தனை நாளைக்கு வரும் என்று அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டோம். நம் புத்தி எங்கே போகும்!

அடுத்த படத்தில் நீச்சல்குளம் வந்தது. சமையலறைக் கதவைத் திறந்தால் புல்தரை, புல்தரை முடிகிற இடத்தில் தண்ணீர். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். நான் படத்தில் வேலியைத் தேடினேன்.

"அதைச் சுத்தி ஃபென்ஸ் எதுவும் இல்லையே?" என்று கேட்டேன்.

"நானும் ஓனருக்கு மெசேஜ் பண்ணிக் கேட்டேன். வேலி போட்டா வியூ போயிடும்னு சொல்றாரு" என்றார் பிளசன்டன்காரர்.

என் மகனைத் தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும். தண்ணீரைக் கண்டால் அவனுக்கு நிதானம் போய்விடும். பாத்டப்பில் தண்ணீர் திறந்துவிட்டுத் துண்டு எடுத்து வருவதற்குள் சட்டை, ஷூவோடு உள்ளே உட்கார்ந்திருப்பான். வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்துகொள்கிறவனும் அவன்தான். கதவின் கைப்பிடியை எப்படித் திருப்புவது என்று அந்த வருடம்தான் கற்றுக்கொண்டிருந்தான். எங்கள் அபார்ட்மென்ட் குளத்துக்கு ஆள் உயரக் கம்பிவேலி, தானாகவே மூடிக்கொள்ளும் கேட் எல்லாம் உண்டு. அப்படியிருந்தும் அந்தப் பக்கம் போகும்போது அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

"எதுக்குங்க இவ்ளோ பயம்? உங்க வீட்டுக்காரர் இருக்காருல்ல? கிணத்துல குதிச்சு வளந்த ஆளு!" என்றார் பிளசன்டன்காரரின் மனைவி.

அது உண்மைதான் என்று எனக்கும் எண்ணம். என் கணவருக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கிணற்றுக் கதையை எனக்குச் சொல்லியிருந்தார். நண்பர்கள் கூடும் இடத்திலெல்லாம் அந்தக் கிணறு ஒரு சுற்று ஆழமாகும். அன்றும் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மனிதர் ரைத்தாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

வில்லா புக் ஆனது. அதற்குப் பிறகு என் தலையில் அந்தப் படம் ஒட்டிக்கொண்டது. ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ ஸ்லைடு காட்டிக்கொண்டிருக்க, நான் கதவிலிருந்து தண்ணீர்வரை அவன் எத்தனை வேகமாக ஓடுவான் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மிதக்கும் தொப்பியையும் ஒற்றைச் செருப்பையும்கூடப் பார்த்துவிட்டேன். சொன்னால் வாயைக் கழுவு என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரே ஆறுதல் கணவருடைய நீச்சல்தான். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். "ஒரு தடவை நம்ம அபார்ட்மென்ட் குளத்துல அடிச்சுக் காட்டுங்களேன்" என்றேன். முதலில் முதுகு வலி என்றார். அப்புறம் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்றார். ஒரு சனிக்கிழமை காலை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனேன். மார்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்னங்க, அடிங்க."

"அது வந்து... அப்பல்லாம் முதுகுல சுரைக்குடுக்கை கட்டி விடுவாங்க."

"சரி. அதை அவுத்ததுக்கு அப்புறம்?"

"அவுத்துட்டு இறங்கினதே இல்ல."

சிரிப்புதான் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். காய்ந்த சுரைக்காயைக் கட்டிக்கொண்டு மிதந்ததைத்தான் இந்த ஆள் இத்தனை வருடமாக நீச்சல் என்று விற்றுக்கொண்டிருந்திருக்கிறார். சிரித்து முடித்ததும்தான் விஷயம் உறைத்தது. குளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே மற்றவர்களுக்கு ஃபோன் செய்தேன். குபெர்டினோக்காரர் சென்னை. பீச்சில் முட்டிவரை இறங்கியதோடு சரி. நாங்கள் மூன்று பெண்களும் கேட்கவே வேண்டாம். எங்களை யார் தண்ணீரில் இறங்க விட்டார்கள்? கடைசியாகப் பிளசன்டன்காரர் சொன்னார்: "என்னங்க இப்படிச் சொல்றீங்க? நான் உங்க வீட்டுக்காரரை நம்பித்தானே புக் பண்ணேன்!" அவரை நம்பி இவர், இவரை நம்பி அவர். ஆறு பேர், ஆளுக்கு இரண்டு பட்டம், ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் காபியோடு உட்கார்ந்து, "அவ கிக் சரியில்ல, கையை இன்னும் நீட்டணும்" என்று குறை சொல்வதும் இதே ஆறு பேர்தான்.

எங்கள் ஆட்களுக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் ஒரு வீடியோ கால் போட வேண்டும். போட்டோம். லேப்டாப்பை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தோம். குபெர்டினோக்காரர் தீர்வு சொன்னார்.

"சிம்பிள். ஆபீஸ்ல மாதிரி ஆன்-கால் டியூட்டி போட்டுடலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர். அவங்க ஃபோனைத் தொடக் கூடாது, தண்ணியை மட்டும் பாக்கணும்."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டேன், "பாத்து? என் பையன் விழுந்துட்டான்னு வைங்க. பாத்துட்டிருக்கிறவங்க என்ன பண்றது? கத்தலாம். கத்தினா இன்னும் அஞ்சு பேர் ஓடி வந்து பாப்பாங்க. அவ்ளோதானே?"

எல்லாருக்கும் சங்கடமாக இருந்தது. அதைக் கலைப்பதற்காகத்தான் பிளசன்டன்காரர் சொல்லியிருக்க வேண்டும்: "ஏங்க, உங்க பொண்ணு நீச்சல் கிளாஸ்ல லெவல் ஃபோர் முடிச்சாச்சுல்ல? அவதான் நமக்கு லைஃப்கார்டு. பேசாம அவளை நம்பிப் போவோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேசையின் மறுமுனையில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மகள் மட்டும் நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

அந்த வாரத்திலிருந்து, காலையில் எழுந்து பார்த்தால் அவள் தன் அறையில் இருக்கமாட்டாள். தம்பியின் அறையில், கதவுக்குக் குறுக்கே, போர்வையை விரித்துத் தரையில் படுத்திருப்பாள். அடித்துக்கொள்ளும் இரண்டுக்கும் இப்படி ஒரு ஒட்டுதலா என்று எங்களுக்குப் பூரிப்பு. கணவர் அதைப் படமெடுத்து எங்கள் வாட்ஸாப் குரூப்பில் போட்டார். இதயங்கள் குவிந்தன. பகலில் அவள் சோர்ந்து இருந்தாள். பள்ளியில் மேசையில் தலை சாய்த்துவிடுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். வளர்கிற வயது என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த சனிக்கிழமை நீச்சல் வகுப்பு முடிந்ததும் பயிற்சி கொடுக்கும் பெண் வெளியே வந்து என்னிடம் பேசினாள். மூன்று வயதுப் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து எப்படி இழுத்து வருவது என்று சொல்லிக் கொடுக்கும்படி என் மகள் வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அதெல்லாம் பெரிய பிள்ளைகளுக்குத்தான், உனக்கு இன்னும் அந்தப் பலம் இல்லை என்று சொன்னதற்கு அழுதாளாம். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று தயங்கியபடி கேட்டாள்.

காரில் ஏறியதும் வண்டியை எடுக்காமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஈரத் தலையோடு தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கம். அவள் சொன்னதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"ஏன்டா கண்ணு, தம்பி ரூம்ல போய்ப் படுக்கிறது எதுக்கு?"

"இத்தாலி வீட்டுக்காகப் பழகிக்கொள்கிறேன். அவன் எழுந்தால் நானும் எழ வேண்டும். கதவைத் திறந்தால் என் மேல் இடிக்கும். ஆனால் இரண்டு நாள் எனக்குத் தெரியவே இல்லை. அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான்."

"லைஃப்கார்டுன்னு அங்கிள் சும்மா ஜோக்குக்குச் சொன்னதுடா. தம்பியைப் பாத்துக்கறது உன் வேலை இல்ல. அம்மா அப்பா வேலை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது; கணக்கில் தவறு இருப்பதைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

"ஆனால் உங்களுக்கு நீச்சல் தெரியாதே, அம்மா."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாரக்கணக்காக நான் பட்ட பயம் என்னுடையது மட்டும்தான் என்று இருந்தேன். அதில் பாதியை எடுத்துக்கொண்டு இந்தச் சின்ன உடம்பு கதவுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் படமெடுத்து அனுப்பினோம்.

அங்கேயே ஃபோனை எடுத்து, நாங்கள் அந்த வீட்டுக்கு வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள் என்று குரூப்பில் எழுதினேன். கணவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு திரும்பி மகளிடம் சொன்னேன்.

"நாம அந்த வீட்டுக்குப் போகலடா."

"வேறு வீடா?"

"எங்கே போனாலும் தண்ணி இல்லாத இடம்தான்."

"நிஜமாகவா?"

"நிஜமா."

அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும், இத்தாலி போச்சே என்று அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள். துண்டைச் சுருட்டிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்படியென்றால் நான் இப்போது தூங்கலாமா?" என்று கேட்டாள்.

தூங்குடா என்றேன். நான் வண்டியைக் கிளப்புவதற்குள் தூங்கிவிட்டாள்.